குழந்தையோட எடையை ஃபோன் கேமரால கண்டுபிடிக்கிற ஆப்: எமர்ஜென்சில நம்பி மருந்து போடலாமா?

கேஷுவால்ட்டி_இரவு எழுதினது:

வணக்கம். தாலுக்கா ஆஸ்பத்திரில கேஷுவால்ட்டி பாக்குறேன், குழந்தைகள் டாக்டர் பகல்ல மட்டும்தான், ராத்திரி நானும் ஒரு சிஸ்டரும்தான். போன மீட்டிங்ல ஒரு ஆப் காட்டுனாங்க. படுத்திருக்குற குழந்தை மேல ஃபோனைக் காட்டுனா உச்சந்தலைலேர்ந்து குதிகால் வரைக்கும் நீளத்தை அளந்து, எடை இத்தனை கிலோ, அட்ரினலின் இவ்ளோ, ஃபிட்ஸ் மருந்து இவ்ளோ, மூச்சுக்குழாய் ட்யூப் சைஸ் இதுன்னு சொல்லிடுது. பாக்க நல்லா இருக்கு. வாங்கலாமான்னு என்கிட்ட கருத்து கேட்டிருக்காங்க.

டாக்டர் இல்லாதவங்களுக்காக ஒண்ணு சொல்லிடுறேன். பெரியவங்களுக்கு ஒரு ஆம்பூல் ரெண்டு ஆம்பூல்னு போட்டுடலாம், குழந்தைக்கு எல்லாமே கிலோ கணக்கு. வலிப்பு மருந்துல லோராசெபம் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம், ஃபெனிடாய்ன் கிலோவுக்கு 20 மில்லிகிராம், சலைன் கிலோவுக்கு இத்தனை மில்லி, ஷாக் குடுத்தா அதுவும் கிலோவுக்கு இத்தனை ஜூல். வலிப்புல துடிச்சிட்டு இருக்குற குழந்தையைத் தராசுல நிறுத்த முடியாது, அதனால எடையை எப்படியாவது ஊகிக்கணும். இப்ப நான் பண்றது வயசைக் கேட்டு காலேஜ்ல படிச்ச ஃபார்முலா போடுறதுதான். அதைவிட இந்த ஆப் மேல் இல்லையா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

ஊசிக்கை எழுதினது:

டாக்டர், நான் குழந்தைகள் வார்டுலயும் எமர்ஜென்சிலயும் ஸ்டாஃப் நர்ஸா இருக்கேன். முதல்ல கை கணக்கு பாருங்க. ஃபிட்ஸ்ல வர்ற குழந்தைக்கு ஒருத்தர் தலையைப் பிடிச்சு சக்‌ஷன் போட்டு ஆக்ஸிஜன் வைக்கணும், ஒருத்தர் லைன் போடணும், ஒருத்தர் மருந்து இழுக்கணும். ராத்திரி ரெண்டே பேருன்னு நீங்களே சொல்றீங்க. அதுல ஃபோனைப் பிடிக்க யார் கை இருக்கு?

குழந்தையோட நீளத்தை அளந்து எடையைக் கலர் கட்டத்துல காட்டுற ப்ரோஸ்லோ டேப் இருக்குல்ல, அதுவும் கைதான் கேக்கும், இல்லைன்னு சொல்லல, ஆனா அந்த டேப்பைக் கட்டில் ஓரமாவே ஒட்டி வச்சுட்டா குழந்தையைப் படுக்க வைக்கும்போதே கலர் தெரிஞ்சிடும். சிவப்பு முனை தலைப்பக்கம், அளவு குதிகால் வரைக்கும்தான், கால்விரல் நுனி வரைக்கும் இல்ல. இதைப் புதுசா வர்ற பிள்ளைங்ககிட்ட திரும்பத் திரும்ப சொல்ல வேண்டியிருக்கு, ஏன்னா பாதம் நீட்டியிருந்தா அடுத்த கலருக்குப் போயிடும்.

இன்னொரு விஷயம், நிறைய இடத்துல ஒரிஜினல் டேப் கிடையாது, யாரோ பிடிஎஃப்ல அனுப்புனதை பிரிண்ட் போட்டு லேமினேட் பண்ணி வச்சிருப்பாங்க. பிரிண்டர் பேப்பருக்குள்ள அடங்கணும்னு தானாவே சுருக்கிடும். அதுக்கு அப்புறம் அது அளவுகோலே இல்ல. உங்க டேப்ல இன்ச் டேப்பை வச்சு 100 சென்டிமீட்டர் நிஜமாவே 100 தானான்னு இன்னைக்கே பாருங்க.

பிஜி_ரெண்டாம்வருஷம் எழுதினது:

சிஸ்டர் சொல்றது சரி, ஆனா டேப் எங்கன்னு தேடுறதுதான் நிஜ பிரச்சனை. ஒரு வார்டுலேர்ந்து இன்னொரு வார்டுக்குப் போய் திரும்பி வராது, க்ராஷ் கார்ட், அதான் அவசர மருந்து வண்டி, அதோட கீழ் டிராயர்ல மடிச்சுக் கிடக்கும். ஃபோன் எல்லார் பாக்கெட்லயும் இருக்கு. தவிர வயசு ஃபார்முலாவை வச்சு மருந்து போடுறது ரொம்ப மோசம் சார், அதை முதல்ல விடுங்க. நம்ம புஸ்தகத்துல 1லேர்ந்து 6 வயசு வரைக்கும் வயசை ரெண்டால பெருக்கி எட்டைக் கூட்டு, 7லேர்ந்து 12 வரைக்கும் ஏழால பெருக்கி அஞ்சைக் கழிச்சு ரெண்டால வகுன்னு இருக்கு, அதுப்படி 8 வயசுப் பையன் 25.5 கிலோ. குழந்தைகள் அவசர சிகிச்சைக்கான பிரிட்டிஷ் பயிற்சி ஏபிஎல்எஸ்ல பிற்பாடு கொண்டுவந்த ஃபார்முலா 6 வயசுக்கு மேல மூணால பெருக்கி ஏழைக் கூட்டச் சொல்லுது, அதே பையன் 31 கிலோ ஆயிடுறான். அங்க பிள்ளைங்க குண்டாயிட்டாங்கன்னு ஃபார்முலாவை மாத்துனாங்க, நம்ம ஊர்ல இன்டர்நெட்ல பாத்து ரெண்டையும் கலந்தடிச்சுப் போடுறவங்க இருக்காங்க. ஒரே வயசு, ஒரே குழந்தை, ரெண்டு எடை. நீளத்தை அளக்குறது அதைவிட எவ்ளோ மேல்!

குறிமுறை எழுதினது:

நான் மருத்துவம் இல்ல, கேமரா சாஃப்ட்வேர் எழுதுறவன். உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சா முடிவு பண்ண உதவும்னு எழுதுறேன்.

ஒத்தக் கேமராவுல எடுத்த படத்துல அளவே கிடையாது. பக்கத்துல இருக்குற சின்னப் பொருளும் தூரத்துல இருக்குற பெரிய பொருளும் படத்துல ஒரே மாதிரிதான் விழும். அதனால ஆப்புக்கு வெளியேர்ந்து ஒரு அளவு வேணும். ஒரு வழி, அளவு தெரிஞ்ச ஒரு அட்டையைக் குழந்தை பக்கத்துல வச்சு படம் எடுக்குறது. இன்னொரு வழி, ஃபோனை மெதுவா நகத்தி, உள்ள இருக்குற மோஷன் சென்சாரையும் படத்துல தெரியுற புள்ளிங்க நகர்றதையும் சேத்து தூரத்தைக் கணக்குப் போடுறது, இதுதான் ஏஆர் வழி, ஆண்ட்ராய்டுல ஏஆர்கோர், ஐஃபோன்ல ஏஆர்கிட்னு இருக்குற மென்பொருள் ரெண்டும் இப்படித்தான். மூணாவது லேசர் ஒளியால தூரத்தை அளக்குற லைடார் சென்சார், அது சில விலை கூடின ஐஃபோன் ஐபேட்ல மட்டும், அரசு ஆஸ்பத்திரில யார்கிட்ட இருக்கும்னு தெரியல.

எது சொதப்பும்னும் சொல்லிடுறேன். அட்டை வழில, அட்டை மெத்தை மேலயும் உச்சந்தலை அதைவிட கொஞ்சம் உசரத்துலயும் இருந்தா கேமராவுக்குக் கிட்ட இருக்குற பக்கம் பெருசாத் தெரியும், ஃபோனைச் சாய்ச்சுப் பிடிச்சா இன்னும் மோசம். ஏஆர் வழில, வெறும் வெள்ளை பெட்ஷீட்டா இருந்தா பிடிக்கிறதுக்குப் புள்ளியே இருக்காது, வெளிச்சம் கம்மின்னா அளவு வழுக்கும், குழந்தை அசைஞ்சா குழம்பும். முழங்கால் மடங்கியிருந்தா எந்த வழியும் கம்மியாத்தான் காட்டும்.

சூரிச்ல இந்த மாதிரி ஆப்பைக் குழந்தைங்ககிட்ட சோதிச்சு 2018ல கட்டுரையே போட்டிருக்காங்க, ஃபோன் கேமராவால நீளம் எடுத்து அதுலேர்ந்து எடை. நீளம் எடுக்குறது தொழில்நுட்ப ரீதியா ஆகுற காரியம்தான். என் கேள்வி, ஒண்ணு ரெண்டு சென்டிமீட்டர் பிழை வந்தா மருத்துவத்துக்கு அது பெருசா சின்னதா?

மழலைநலம் எழுதினது:

தம்பி குறிமுறை, சரியான கேள்வி. நான் குழந்தைகள் நல மருத்துவர், எமர்ஜென்சிலயே ரொம்ப காலம் ஓடிடுச்சு, அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

110 சென்டிமீட்டர் உயரமுள்ள குழந்தைக்கு உலக சுகாதார நிறுவன அட்டவணைப்படி நடு எடை சுமார் 18.5 கிலோ. ஒரு சென்டிமீட்டர் கூடக் குறைய ஆனா அந்த அட்டவணைல எடை அரைக் கிலோகூட மாறாது. ஆப் ரெண்டு சென்டிமீட்டர் தப்பா அளந்தாலும் எடைல 4 சதவீதம் சுத்தித்தான் பிசகும், அதை நான் கவலையே பட மாட்டேன். இப்ப அதே 110 சென்டிமீட்டர்ல, விலா எலும்பு தெரியுற ஒரு குழந்தையை நினைச்சுப் பாருங்க. நிஜ எடை 15 கிலோ. டேப்பும் ஆப்பும் நீளத்தை மட்டும் பாத்து 18.5னோ 19னோ சொல்லும். 19 கிலோவுக்கு ஃபெனிடாய்ன் 380 மில்லிகிராம். அந்தப் பிள்ளைக்கு வேண்டியது 300. அதாவது கிலோவுக்கு 20க்கு பதிலா 25க்கு மேல உள்ள போகுது, பிரஷர் இறங்கும், இதயத் துடிப்பு தடுமாறும். நீளத்தை மில்லிமீட்டர் சுத்தமா அளந்தாலும் இந்தத் தப்பு அப்படியேதான் இருக்கும். பிரச்சனை அளவுல இல்ல, நீளத்தை எடையா மாத்துற அட்டவணைல இருக்கு.

ப்ரோஸ்லோ டேப் 1980கள்ல அமெரிக்காவுல ஜேம்ஸ் ப்ரோஸ்லோங்கிற டாக்டர் உருவாக்குனது, அதோட எடை எல்லாம் அமெரிக்கக் குழந்தைங்க கணக்குலேர்ந்து வந்தது. 2008ல மும்பைக் குழந்தைங்களை வச்சுப் பண்ணுன ஆய்வுல, 10 கிலோவுக்குக் கீழ டேப் பரவால்லாம பொருந்துது, அதுக்கு மேல போனா 10 சதவீதத்துக்கும் மேல அதிகமாக் காட்டுதுன்னு வந்துச்சு. ரெடிமேட் சட்டையை உயரம் மட்டும் பாத்து எடுத்தா ஒல்லிப் பையனுக்குத் தோள் தொங்குற மாதிரிதான் இது. இப்ப நகரத்துல நேர் எதிரா குண்டுப் பிள்ளைங்களும் வர்றாங்க, அவங்களுக்கு இதே டேப் கம்மியாக் காட்டும்.

ஆனா நீளத்தைத் தூக்கிப் போடவும் கூடாது. மூச்சுக்குழாய்க்குள்ள போடுற ட்யூப் சைஸ் நீளத்தோட போகும், சதையோட போகாது. ஒல்லியான 110 சென்டிமீட்டர் பிள்ளைக்கு ட்யூப் நீளத்தைப் பாத்து எடுக்கணும், மருந்து அதோட நிஜ எடையைப் பாத்துப் போடணும். ஒரே எண்ணை வச்சு ரெண்டையும் சொல்ற எந்த ஆப்பா இருந்தாலும் இங்க இடிக்கும்.

சலைன் விஷயத்துலயும் கவனம் வேணும். 2011ல உகாண்டா, கென்யா, தான்சானியாவுல ஃபீஸ்ட்னு ஒரு பெரிய ஆய்வு, காய்ச்சலோட ரத்த ஓட்டம் குறைஞ்சு வந்த 3,000க்கும் மேற்பட்ட குழந்தைங்க. சலைனோ ஆல்புமின்ங்கிற புரதக் கரைசலோ வேகமா ஏத்துனவங்கள்ல 48 மணி நேரத்துக்குள்ள இறந்தவங்க, ஏத்தாதவங்களைவிட அதிகம். அந்த ஆய்வுல கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு உள்ளவங்களைச் சேக்கவே இல்ல. அப்படிப்பட்ட பிள்ளைங்க இன்னும் பலவீனம், அவங்களுக்கு எடையைக் கூட்டிக் கணக்குப் போட்டு சலைன் தள்ளுனா இதயம் தாங்காது. இதை நினைச்சா எனக்குப் பயமா இருக்கு, அதனாலதான் ஆப்பைப் பாத்து எல்லாரும் ஆஹான்னு சொல்லும்போது என்னால சும்மா இருக்க முடியல.

ரெண்டுபிள்ளை_அம்மா எழுதினது:

நடுவுல வந்ததுக்கு மன்னிக்கணும் டாக்டர். ஏன் எங்ககிட்ட கேக்க மாட்டேங்குறீங்க? என் சின்னவனுக்கு எடை எவ்ளோன்னு எனக்குத் தெரியும், தடுப்பூசிக்குப் போறப்பல்லாம் பாக்குறாங்களே. எமர்ஜென்சில எங்களை வெளிய நிக்க வச்சுடுறாங்க, வயசு மட்டும் கேட்டுட்டு கதவைச் சாத்திடுறாங்க.

மழலைநலம் எழுதினது:

அம்மா, மன்னிப்பு எதுக்கு, இந்த இழைல ரொம்ப முக்கியமான பதிவு இது. எடையை ஊகிக்கிற வழிகளை ஒப்பிட்ட ஆய்வுகள்ல பெத்தவங்க சொல்ற எடை பெரும்பாலும் டேப்பையும் ஃபார்முலாவையும் முந்திடுது. கேஷுவால்ட்டி டாக்டர், முதல் கேள்வியே இதுவா இருக்கட்டும்: கடைசியா எப்ப எடை பாத்தீங்க, எவ்ளோ இருந்துச்சு. பாட்டியோ பக்கத்து வீட்டுக்காரங்களோ தூக்கிட்டு வந்தா அம்மாவுக்கு ஃபோன் போட்டுக் கேளுங்க. ஃபோனோட முதல் உபயோகம் அதுதான்.

அங்கன்வாடி_டீச்சர் எழுதினது:

சார் எங்க சென்டர்ல மாசாமாசம் எல்லாப் பிள்ளைக்கும் எடையும் உயரமும் எடுத்து போஷன் டிராக்கர்ங்கிற அரசு ஆப்ல ஏத்துறோம். மேல்கைச் சுத்தளவு பாக்குற டேப்பும் இருக்கு, 11.5 சென்டிமீட்டருக்குக் கீழ போச்சுன்னா சிவப்பு, அதாவது கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு, உடனே அனுப்பிடுவோம். ஆறு வயசு வரைக்கும் உள்ள பிள்ளையோட போன மாச எடை எங்ககிட்ட கண்டிப்பா இருக்கும். ஆஸ்பத்திரில யாரும் எங்களைக் கேட்டதில்ல.

யாழ்_வைத்தியம் எழுதினது:

எங்கட பக்கம் பிள்ளை பிறந்த உடன ஒரு வளர்ச்சிப் பதிவேடு குடுப்பினம், கிளினிக்குக்குப் போகேக்க மிட்வைஃப் அக்கா அதில நிறையைக் குறிச்சு வளைகோட்டில புள்ளி வைப்பா. தாய்மார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வரேக்கயும் அந்தப் புத்தகம் கையில இருக்கும், காய்ச்சலோ வலிப்போ முதல்ல அதைத்தான் திறந்து பாக்குறனாங்கள். அது இருக்கிற பிள்ளைக்கு ஆப்பும் வேண்டாம் டேப்பும் வேண்டாம். விபத்தில தனியக் கொண்டுவாற பிள்ளைக்குத்தான் கஷ்டம், பள்ளிக்கூடம் போற வயசுப் பிள்ளையளுக்குக் கடைசிப் புள்ளியும் பழசாப் போயிருக்கும்.

வெள்ளைவேன் எழுதினது:

ஆம்புலன்ஸ்ல முதலுதவி பாக்குற இஎம்டியா இருக்கேன். மழலைநலம் மேடம் சொன்ன மாதிரி அம்மா கூட வந்தா கேட்டுக்குறோம், ஆனா ரோட்ல அடிபட்ட கேஸ்ல அம்மாவே மயக்கமாக் கிடப்பாங்க. அப்ப அளக்கணும். வண்டி ஓடிட்டு இருக்கும்போது ஃபோனால அளக்குறதெல்லாம் ஆகாது, க்ளவுஸ்ல ரத்தம், ஸ்கிரீன் தொட்டா எடுக்காது, வண்டி ஆடுது, உள்ள லைட் ஒரே பக்கம். அந்த மோஷன் சென்சார் விஷயம் தம்பி சொன்னாரே, வண்டி போற வேகத்தையும் சேத்துக் குழப்பிக்காதா? தவிர அந்த நேரம் ஃபோன்ல கன்ட்ரோல் ரூம் லைன்ல இருப்பாங்க, கேமராவைத் திறந்தா நான் ஆஸ்பத்திரிகிட்ட என்ன பேசுறது?

குறிமுறை எழுதினது:

ஆமாண்ணா, ஓடுற வண்டிக்குள்ள அந்த வழி நம்பவே முடியாது, சென்சார் வண்டியோட முடுக்கத்தை உணரும், கேமரா வண்டிக்குள்ள எதுவும் நகரலன்னு பாக்கும், ரெண்டும் முரண்படும். நின்ன வண்டில அட்டை வச்சு எடுத்தா மட்டும்தான்.

மழலைநலம் மேடம், நீங்க சொன்னது எனக்குப் புதுசு, நான் அளவு சுத்தமா வந்தாப் போதும்னுதான் நினைச்சேன். அப்ப கேமரா நீளத்தோட சேத்து உடம்பு வாகையும் பாத்தா? ஜெர்மனியோட வெல்ட்ஹங்கர்ஹில்ஃப அமைப்பு சைல்ட் க்ரோத் மானிட்டர்னு ஒண்ணு இந்தியாவுலயே சோதிச்சாங்க, குழந்தையை ஃபோனால ஸ்கேன் பண்ணி ஊட்டச்சத்துக் குறைவைக் கண்டுபிடிக்கணும்னு. அதே யோசனையை இங்க கொண்டுவர முடியாதா?

மழலைநலம் எழுதினது:

திசை சரியான திசை தம்பி. ஃபோன் இல்லாமயே அதைப் பண்ணுன ரெண்டு வழி இருக்கு, பாத்துட்டு எழுதுங்க. தென்னாப்பிரிக்காவுல 2013ல வந்த பாப்பர் டேப்: நீளத்தை அளந்து, குழந்தை ரொம்ப ஒல்லியா, ஒல்லியா, சாதாரணமா, பூசுனாப்லயா, குண்டான்னு கண்ணால பாத்து ஒரு மதிப்பெண் குடுக்கணும், அதே நீளக் கட்டத்துல அஞ்சு எடை இருக்கும், மதிப்பெண்ணுக்கு உள்ளதை எடுத்துக்கணும். இன்னொண்ணு அமெரிக்காவுல கான்சஸ் சிட்டி குழந்தைகள் ஆஸ்பத்திரிலேர்ந்து 2012ல வந்த மெர்சி முறை. அதுல உயரமும் வேண்டாம் வயசும் வேண்டாம், மேல்கை எலும்போட நீளமும் கை நடுச் சுத்தளவும் போதும், ரெண்டுக்கும் உள்ள எண்களைக் கூட்டுனா எடை. இந்தியக் குழந்தைங்ககிட்டயும் அதைச் சோதிச்சிருக்காங்க. கால் மடங்கிப்போன மூளைவாதக் குழந்தைக்கு எனக்கு இதுதான் கைகொடுக்குது, ஏன்னா அந்தப் பிள்ளையை நீட்டிப் படுக்க வைக்கவே முடியாது.

ஆனா வேட்டி, கம்பளி, அம்மா புடவை சுத்திக் கொண்டுவர்ற குழந்தையைக் கேமரா எப்படிப் பாக்கும்? வீங்கின உடம்பை எப்படிப் பாக்கும்? புரதக் குறைவுல கால் வீங்கி முகம் உப்பியிருக்குற பிள்ளையைப் பூசுனாப்லன்னு எடுத்துக்கிட்டா அது நேர் எதிரான தப்பு. அனுபவமுள்ள சிஸ்டர் அமுக்கிப் பாத்து ரெண்டு செகண்ட்ல சொல்லிடுவாங்க.

பிஜி_ரெண்டாம்வருஷம் எழுதினது:

மேடம் ஒத்துக்குறேன், ஆனா அப்ப ஆப்புக்கு எமர்ஜென்சில இடமே இல்லைன்னு சொல்றீங்களா?

ஊசிக்கை எழுதினது:

இடம் இருக்கு தம்பி, ஆனா வேற இடம். எடை 15ஆ 17ஆன்னு இவ்ளோ பேசுறோம், அது தப்பானா பத்து பதினஞ்சு சதவீதம் தப்பு. மருந்து கலக்குறதுல தப்பானா பத்து மடங்கு. அட்ரினலின் ஆம்பூல் ஒரு மில்லில ஒரு மில்லிகிராம். இதயம் நின்ன 15 கிலோ குழந்தைக்கு வேண்டியது 0.15 மில்லிகிராம், ஆம்பூலை 9 மில்லி சலைன்ல கலந்து அதுல 1.5 மில்லி குடுக்கணும். கலக்காம 1.5 மில்லி இழுத்தா பத்து மடங்கு. ராத்திரி மூணு மணிக்கு டாக்டர் மில்லிகிராம்ல கத்துவார், நாங்க மில்லில இழுப்போம், பக்கத்துல அம்மா அழுவாங்க. தசமப் புள்ளி இடம் மாறுறது அந்த நிமிஷத்துலதான்.

ஜெனிவால பெடாமைன்ஸ்னு ஒரு ஆப் பண்ணியிருக்காங்க. அது குழந்தையை அளக்காது. எடையை நாம குடுத்தா எந்த மருந்தை எவ்ளோ கலந்து எத்தனை மில்லி இழுக்கணும்னு படிப்படியா நர்ஸுக்குக் காட்டும். 2019ல பல ஆஸ்பத்திரி நர்ஸுங்களை வச்சு பொம்மைல ஒத்திகை மாதிரி சோதிச்சாங்க, மருந்து தயாரிப்புல தப்பு நல்லாவே குறைஞ்சுது. நிஜக் குழந்தைகிட்ட இல்ல பொம்மைலதான், அதையும் சொல்லிடணும். ஆனா படிச்சதும் யாரோ நம்ம கஷ்டத்தைப் புரிஞ்சுக்கிட்டாங்கன்னு இருந்துச்சு எனக்கு.

வக்கீல்_கோவை எழுதினது:

ஒரே ஒரு விஷயம் சேக்குறேன். கேமரா ஆப்னா உடம்புத் துணியை விலக்கின குழந்தையோட படம் யாரோ ஊழியரோட சொந்த ஃபோன்ல உக்காரும். 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துல 18 வயசுக்குக் கீழ பெத்தவங்க சம்மதம் வேணும், உயிருக்கு ஆபத்தான அவசரத்துக்குச் சம்மதம் இல்லாமலும் பண்ணலாம்னு வழி இருக்கு. ஆனா அவசரம் முடிஞ்ச பிறகும் படத்தை வச்சிருக்குறதுக்கும் கம்பெனி சர்வருக்கு அனுப்புறதுக்கும் அந்த வழி பொருந்தாது. படம் ஃபோன்லயே கணக்காகி அப்பவே அழியுதான்னு எழுத்துல கேட்டு வாங்குங்க. அப்புறம் 2020 ஏப்ரல்லேர்ந்து மருத்துவத்துக்கான மென்பொருளும் மருத்துவச் சாதன விதிகளுக்குள்ள வருது, அந்தப் பதிவு இருக்கான்னும் கேளுங்க.

கேஷுவால்ட்டி_இரவு எழுதினது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மீட்டிங்ல இப்படி எழுதிக் குடுக்கப் போறேன், தப்பிருந்தா திருத்துங்க. கேமரால அளக்குற ஆப் இப்போதைக்கு வேண்டாம். முதல்ல பெத்தவங்ககிட்ட எடையைக் கேக்குறது. தெரியலைன்னா நீளமும் உடம்பு வாகும் சேத்துப் பாக்குற டேப், கட்டில்லயே ஒட்டி வைக்கிறது. குழந்தை நிலையானதும் நிஜத் தராசுல எடை போட்டு, அதுக்கு அப்புறம் போடுற எல்லா மருந்தையும் அந்த எடைக்கு மாத்துறது. ஃபோனோ டேப்லெட்டோ வாங்குனா அது கலக்குற கணக்குக்கு மட்டும், நெட் இல்லாமயே வேலை செய்யணும்.

மழலைநலம் எழுதினது:

நல்லா வந்திருக்கு. ஒண்ணு மட்டும் சேத்துக்குங்க, எந்த எடையை வச்சு மருந்து போட்டோம், அது அம்மா சொன்னதா டேப்பா தராசான்னு கேஸ் ஷீட்ல எழுதணும். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது அங்க உள்ளவங்க உங்க ஊகத்தை நிஜ எடைன்னு நினைச்சு அடுத்த டோஸையும் அதுலயே போட்டுடுவாங்க.

குறிமுறை எழுதினது:

டாக்டர், சிஸ்டர், கேமரா வேலையை நான் ஓரம் கட்டிட்டேன். கலக்குற கணக்கு மட்டும் உள்ள ஒண்ணை இலவசமா எழுதித் தர ஆசை. 3 கிலோலேர்ந்து 40 கிலோ வரைக்கும், ஒரு கிலோவுக்கு ஒரு பக்கம், பெரிய எழுத்து, தமிழ்ல, பிரிண்ட் எடுத்து சுவத்துலயும் மாட்டுற மாதிரி. கணக்கை மழலைநலம் மேடம் சரிபாத்த பிறகுதான் வெளிய விடுவேன். உங்க ஸ்டோர்ல எந்த ஆம்பூல் என்ன ஸ்ட்ரென்த்ல வருதுன்னு மட்டும் பட்டியல் அனுப்புவீங்களா?

ஊசிக்கை எழுதினது:

அனுப்புறேன் தம்பி, ஆனா ஒண்ணு கவனிங்க, ஸ்ட்ரென்த் நிலையா இருக்காது. ஃபிட்ஸுக்குப் போடுற மிடாசோலம் இந்த மாசம் மில்லிக்கு 1 மில்லிகிராம் குப்பியா வரும், அடுத்த சப்ளைல மில்லிக்கு 5 மில்லிகிராம் ஆம்பூல் வந்து நிக்கும், ரெண்டும் ஒரே டிராயர்ல கிடக்கும். அதனால மில்லி கணக்கைக் காட்டுறதுக்கு முன்னாடி கையில இருக்குற ஆம்பூல் எதுன்னு கேக்கணும், ரெண்டு ஸ்ட்ரென்த்தையும் பக்கத்துப் பக்கத்துல காட்டி ஒண்ணைத் தொடச் சொல்லணும். சுவத்துல மாட்டுற தாள்லயும் ஒவ்வொரு ஸ்ட்ரென்த்துக்கும் தனி வரி வேணும். சப்ளை மாறுனா அந்தத் தாளை யார் மாத்துறதுன்னு வார்டு இன்சார்ஜ் சிஸ்டர் பேர்ல எழுதி வச்சுடுங்க டாக்டர்.

கேஷுவால்ட்டி_இரவு எழுதினது:

சரி சிஸ்டர். நாளைக்குக் காலைல ஃபார்மசிஸ்ட்கிட்ட உக்காந்து எங்க ஸ்டோர் பட்டியலையும் எடுத்து இங்கயே போடுறேன்.